கத்திரி கழிந்து போட்ட ஊசி

செய்யூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் சம்பூர்ணத்தின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. வேர்க்கடலை வாங்க வரும் வியாபாரி தராசைத் தொடுவதற்கு முன்பே, "எம்மா, நீயே நின்னு பாத்துக்க, அப்பறம் என்ன பேசாத" என்று ஒதுங்கிக்கொள்வான். கருங்குழியில் பிறந்து தனகோடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த முதல் வருஷமே, பங்காளி வீட்டார் மடையைத் திருப்பித் தண்ணீரைத் தங்கள் கழனிக்கு விட்டுக்கொண்டார்கள் என்று மண்வெட்டியும் கையுமாகப் போய் நின்று, நாலு ஆம்பிளைகளை வரப்பை விட்டு இறக்கியவள். இப்படிப்பட்டவளுக்கும் ஒரே ஒரு பயம் இருந்தது. ஆடி மாசம்.

சிரிக்காதீர்கள். அவள் அண்ணன் முனிசாமிக்குக் குடலிறக்கம். சாதாரண ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். "ஆடி போவட்டும்ணா, ஆவணில வெச்சிக்கலாம்" என்று சம்பூர்ணம் அழாத குறையாகக் கேட்டாள். "டாக்டருக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா? போடி பைத்தியம்" என்று சிரித்துவிட்டுப் போனவனை ஆம்புலன்ஸில்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று யார் யாரோ சொன்னார்கள். அவள் காதில் மயக்க மருந்து ஏறவில்லை, ஆடி மட்டும்தான் ஏறியது. அதற்குப் பிறகு அந்த மாசத்தில் அவள் புது விளக்குமாறு கூட வாங்கியதில்லை.

தனகோடி அவளுக்கு நேர் எதிர். குட்டியானை வண்டி ஒன்று வைத்துக்கொண்டு, சவுக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஈசிஆர் முழுக்கச் சுற்றுவான். சாரம் கட்டுகிற இடத்திலெல்லாம் அவனைத் தெரியும். எதையும் சிரித்தே கழிப்பான். மலத்தில் ரத்தம் போனதைக்கூட மூலம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிட்டான். கடைசியில் பெருங்குடலில் கட்டி, அது ஈரலிலும் நாலைந்து இடத்தில் இறங்கிவிட்டது என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. மகள் கீர்த்தனா சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள்தான் விசாரித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் ஹேமந்த் என்று ஒருவர். சின்ன வயசு, பெரிய பொறுமை. இப்போதே அறுத்து எடுக்க முடியாது, ஈரலில் இருப்பது சுருங்கினால்தான் கத்தி வைக்கலாம் என்றார். கீமோவோடு கூட இன்னொரு ஊசி போடப் போவதாகச் சொல்லி, அது என்ன செய்யும் என்றும் விளக்கினார்.

"கட்டி வளரணும்னா அதுக்கு ரத்தம் வேணும்மா. பக்கத்துல ஓடற ரத்தக் குழாய்க்கு 'இந்தப் பக்கம் வா'ன்னு ஒரு சேதி அனுப்பும். உடனே புதுசா குழாய் கிளைச்சு கட்டிக்குள்ள போகும். இந்த ஊசியில இருக்கறது ஒரு புரதம். அந்தச் சேதியைப் போற வழியிலயே பிடிச்சு வெச்சுக்கும்."

சம்பூர்ணத்துக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "அதாவது சார், திருட்டு மடை வெட்டி நம்ம தண்ணிய இஸ்துகினு போறான். அந்த மடைய வெட்ட வுடாத அடைக்கற ஊசி."

"அதேதான்மா. தண்ணி இல்லாம அது காயணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, பாப்போம். ஆனா ஒண்ணு, இந்த ஊசிக்குத் திருட்டு மடை எது, நல்ல மடை எதுன்னு தெரியாது. உடம்புல ஒரு காயம் பட்டா, அது ஆறவும் புதுக் குழாய் வேணும். அதையும் சேத்து அடைச்சிடும். பல்லு பிடுங்கறதா இருந்தாக்கூட என்னைக் கேட்டுட்டுப் பிடுங்குங்க."

முதல் பாதியை அவள் ஊரெல்லாம் சொன்னாள். இரண்டாவது பாதியை யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் போய் வர அவன் உடம்பில் தெம்பில்லை. கீமோவுக்கு மட்டும் அங்கே போவது, இந்த ஊசியை மதுராந்தகத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஏற்றிக்கொள்வது என்று டாக்டரே ஏற்பாடு செய்து கொடுத்தார். மருந்து சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. செங்கல்பட்டில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் போவாள் சம்பூர்ணம். ஒரு தரம் பக்கத்து சீட்டுக்காரி மூக்கை நீட்டி, "இன்னா மீனுக்கா?" என்று கேட்டாள். சம்பூர்ணம் வாயைத் திறப்பதற்குள் தனகோடி முந்திக்கொண்டான். "வஞ்சிரம். முள்ளெல்லாம் நம்ம வூட்டுக்காரி வாயிலதான்." பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவன் திரும்பச் சிரிக்க ஆரம்பித்தது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

சென்னை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போதுதான் ரூத் பழக்கமானாள். மாமல்லபுரத்துக்காரி. அவள் புருஷன் மோசஸ் கடற்கரை ஓட்டல் ஒன்றில் லாண்டிரி வேலை. அவனுக்கும் இதே கட்டி, இதே ஈரல், இதே ஊசி. ரூத் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சம்பூர்ணம் மாரியம்மன் குங்குமத்தை முடிச்சில் வைத்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து இட்லி சாப்பிடுவார்கள்.

மாசங்கள் போயின. ஸ்கேனில் ஈரல் கட்டிகள் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தன. "கேட்டிருச்சும்மா!" என்று டாக்டரே எழுந்து நின்று சொன்னார். சம்பூர்ணம் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அழுது தனகோடி பார்த்ததில்லை. "எழுந்துருடி, மானத்த வாங்காத" என்று அதட்டினான், அவன் குரலும் உடைந்துதான் இருந்தது.

அதற்கப்புறம்தான் வினை வந்தது.

ஆனி பிறந்த மறுநாள். ஆபரேஷன் பேச வரச் சொல்லியிருந்தார்கள். கீர்த்தனாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட், வர முடியவில்லை. புருஷனும் பெண்சாதியும் மட்டும் போனார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: குடலில் கட்டி இருக்கிற துண்டை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தத் தையல் ஒட்டுவதற்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும். ஆகவே ஊசியின் வேகம் உடம்பை விட்டு முழுசாக இறங்க வேண்டும். கடைசி ஊசி போட்டு ஆறு வாரம் கழித்துத்தான் கத்தி.

"அப்ப எப்ப சார் வரும்?" என்றாள் சம்பூர்ணம்.

"அது கடைசி ஊசி என்னிக்குப் போட்டீங்கங்கறதைப் பொறுத்தது. மதுராந்தகத்துல போட்டீங்க இல்ல? நீங்கதான் சொல்லணும்."

கடைசி ஊசி போட்டது கத்திரி வெயில் கழிந்து, வைகாசிக் கடைசியில். அதிலிருந்து ஆறு வாரம் என்றால் ஆடி. மனசுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"ஆவணில வெச்சிக்கலாமா சார்?"

டாக்டர் தலையை ஆட்டினார். "ஊசியை நிறுத்திட்டு அவ்ளோ நாள் சும்மா இருந்தா, அது மறுபடி மடை வெட்டிடும்மா. இவ்ளோ நாள் பட்ட பாடெல்லாம் வீணாயிடும். ஆறு வாரம் முடிஞ்சதும் பண்ணிடணும். சொல்லுங்க, கடைசியா எப்ப போட்டது?"

அவளுக்கு முனிசாமியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தனகோடி பக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கத்திரி முடியறதுக்கு முன்னாடி போட்டதுதான் சார் கடைசி" என்றாள். "அதுக்கப்பறம் ஒண்ணு போட்டிருக்கணும். போனோம். ஜுரமா கீது, போடக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"சீட்டு ஏதாவது குடுத்தாங்களா?"

"ஊசியே போடல, சீட்டு எதுக்கு சார்?"

கூசாமல் சொன்னாள். அவள் அதட்டிப் பேசினால் வியாபாரியே நம்புவான், பாவம், டாக்டர் எம்மாத்திரம்! "அப்படின்னா இந்த மாசக் கடைசியிலயே பண்ணிடலாம்" என்று தேதியைக் குறித்தார். ஆனி மாசத்துத் தேதி.

வெளியே மரத்தடிக்கு வந்ததும் தனகோடி நின்றான். "இன்னாடி, வாய் கூசாம புளுகிட்டு வர?"

"ஆடில உன்ன கத்திக்குக் குடுக்க மாட்டேன். எங்கண்ணன குடுத்தது போதும்."

"டாக்டரு இன்னாவோ ஒட்டாதுன்னாரே."

"அவங்க நாளெல்லாம் தாராளமா கூட்டித்தான் சொல்லி வெப்பாங்க. ஒரு ஊசி முன்ன பின்ன ஆனா இன்னா ஆயிடும்?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணும் ஆவாதில்ல?" என்றான் பிறகு, ஒரு குழந்தை கேட்பது மாதிரி.

"ஆவாது. நான் சொல்றேன் இல்ல."

"செரி. நீ சொன்னா செரிதான். வா, டீ குடிக்கலாம்."

அவன் டீ கிளாஸைப் பிடித்தபோது அவன் முழங்கையை அவள் பார்த்தாள். கத்திரிக்கு முன்னால் சவுக்குக் கட்டை கிழித்த காயம். மஞ்சள் வைத்தாள், களிம்பு தடவினாள், இன்னும் ஓரம் சிவந்து ஈரமாகவே இருந்தது. பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத்தான் இன்றைக்கும் அவளால் தாங்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

கீர்த்தனாவிடம் வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: ஆடிக்கு முன்னாலேயே நாள் கிடைத்துவிட்டது. "பரவால்லியே, உன் மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று மகள் கேலி செய்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குடல் துண்டையும் எடுத்தாயிற்று, ஈரலில் இருந்ததையும் எடுத்தாயிற்று. தனகோடி கண் விழித்து, "வஞ்சிரம் இன்னா விலை?" என்று கேட்டான். நர்ஸுகளுக்கு ஒன்றும் புரியவில்லை, சம்பூர்ணம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலைந்து நாள் அப்படித்தான் போயிற்று. கஞ்சி குடித்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

பிறகு வயிறு கல்லாக உப்பியது. காய்ச்சல் ஏறியது. டாக்டர் ஹேமந்த் ஓடி வந்தார், ஸ்கேன் எடுத்தார், அவர் முகம் செத்துப்போயிற்று. தைத்த இடம் ஒட்டவே இல்லை. குடலில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. மறுபடி திறந்தார்கள், கழுவினார்கள், குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை வைத்தார்கள். முதலில் கிழித்த வயிற்றுத் தோலும் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டது. ஐசியூவில் கண்ணாடிக்கு வெளியே நின்று சம்பூர்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சுக் குழாயோடு கிடந்தான். நர்ஸ் அவன் கையை நகர்த்தியபோது அந்த முழங்கைக் காயம் தெரிந்தது, இன்னும் ஆறாமல். மகளிடம் சொல்லலாமா, டாக்டரிடம் சொல்லலாமா என்று மாறி மாறி யோசித்தாள். இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள். ஊரையே அடக்கிய வாய், அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் தனகோடி செத்துப்போனான்.

டாக்டர் ஹேமந்த் அவளை உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "ஆறு வாரம் போதும்னு நினைச்சேன்மா. படிச்சதும் அதான், பண்ணிப் பாத்ததும் அதான். இவருக்குப் போதல. என்மேலதான் தப்பு, இன்னும் தள்ளியிருக்கணும்" என்றார். சம்பூர்ணம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனாதான், "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, எங்க தலையெழுத்து" என்று அவரைத் தேற்றினாள். மகள் அவரைத் தேற்றத் தேற்ற, தாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது.

காரியத்தன்று மாமல்லபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ரூத் வந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். அழுது ஓய்ந்து, பந்தல் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது தன் கதையைச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு இந்த வாரம்தான் நாள் குறிச்சிருந்தாங்கக்கா. டாக்டரு தள்ளி வெச்சிட்டாரு. அண்ணனுக்கு ஆறு வாரம் ஆயியும் ஒட்டல, இனிமே யாருக்கும் அவ்ளோ சீக்கிரம் கத்தி வெக்க மாட்டேன்றாரு. இன்னும் ஒரு மாசம் போவணுமாம். ஊசியும் கெடையாது, கீமோவும் ஒடம்பு தாங்காதுன்னு நிறுத்திட்டாங்க. இவருக்கானா வலி ஏறிகினே கீது. நேத்து ராத்திரி பூரா சுவத்த குத்தறாருக்கா. இதுக்குள்ள மறுபடி பெருசாயிட்டா ஆபரேஷனே கெடையாதுன்றாங்க. ஜெபம் பண்ணிகினு கீறேன், வேற இன்னா பண்ணுவேன்?"

சம்பூர்ணத்தின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. அவள் சொன்ன பொய் புருஷனோடு எரிந்துபோகவில்லை. அது அந்த ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துகொண்டு அடுத்த ஆளைத் தின்னப் பார்க்கிறது. அட பாவி, அட பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், சத்தம் வெளியே வரவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் மகள் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும். கீர்த்தனாவுக்கு அப்பா என்றால் உயிர். இனி அவளை விட்டால் சம்பூர்ணத்துக்கு யாரும் இல்லை. ரூத்தின் புருஷன் யார், எவன்? ஒரே இட்லிப் பொட்டலம், அவ்வளவுதானே? இப்படியெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஒரு நினைப்பும் நிற்கவில்லை. மோசஸ் சுவரைக் குத்துகிற சத்தம் மட்டும் நின்றது.

மூன்றாம் நாள் காலையில் தலையை முடிந்துகொண்டு கிளம்பினாள். தனியே விட மனசில்லாமல் கீர்த்தனாவும் கூட வந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "டாக்டராண்ட ஒரு வார்த்த பேசணும்" என்று மட்டும் சொன்னாள். மகளை வெளியே உட்கார வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். அறை வாசலில் மனசு மாறிவிட்டது. "நீயும் வா" என்றாள். "நீயும் கேளு."

சுற்றி வளைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். "கத்திரி முடியறதுக்கு முன்ன போட்டதுதான் கடைசின்னு சொன்னேன் இல்ல சார், அது பொய். கத்திரி கழிஞ்சி இன்னொண்ணு போட்டோம். ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடில ஆபரேஷன் வாணாம்னு நான்தான் பொய் சொன்னேன். உங்க மேல தப்பு இல்ல சார். மோசஸுக்கு நாள் வெய்ங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். கோபம் வந்தது, அதை விழுங்கினார், அது தெரிந்தது.

"அப்ப மூணு வாரம் சொச்சத்துல நான் அவர் வயித்துல கத்தி வெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஏம்மா? ஒரு வார்த்தை, ஆடிக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருக்கக் கூடாதா? ஏதாவது வழி பாத்திருப்பேனே. அந்த ஒரு மாசத்துக்குக் கீமோவை மட்டுமாவது ஓட்டியிருப்பேனே."

அப்படி ஒரு வழி இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பொழச்சிருப்பாரா சார்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்." அவர் போனை எடுத்தார். மோசஸ் பேரைச் சொன்னார், வெள்ளிக்கிழமை தியேட்டர் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். அது ஆடி வெள்ளி.

திரும்பும் பஸ்ஸில் கீர்த்தனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். தாம்பரம் போயிற்று, சிங்கப்பெருமாள் கோயில் போயிற்று. தன் கம்பெனி ஸ்டாப்பைக்கூட அவள் பார்க்கவில்லை. பரனூர் டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான உக்காந்துகினு இருந்தாரு."

"ஒண்ணும் சொல்லலியா அவரு?"

இனிமேல் மறைக்கச் சம்பூர்ணத்திடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ஒண்ணும் ஆவாதில்லன்னு கேட்டாரு. நான் ஆவாதுன்னேன். நீ சொன்னா செரின்னுட்டாரு."

கீர்த்தனா எழுந்தாள். அம்மாவின் முட்டியில் படாமல் ஒதுங்கித் தாண்டி, முன்னால் காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் டோல்கேட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்தது.